அப்பாகிட்ட கேட்டாச்சு

கண்ணு,

போன வாரம் நீ ஓசூர்லருந்து போன் பண்ணினப்ப உங்கம்மா பாத்திரத்தை எல்லாம் சாக்குல கட்டிட்டு இருந்தா. எனக்கு இந்த மாசத்தோட டீ ஃபேக்டரில சர்வீஸ் முடியுது, மாசக் கடைசிக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு ஊட்டிக்குப் போகணும், அங்க காந்தல்ல வாடகைக்குப் பாத்திருக்கற ஊட்ல ரெண்டே ரூமு, எதைக் கொண்டுபோறது எதை விடறதுன்னு தெரியலன்னு நான்தான் பேச்சை எடுத்தேன். நீ யோசிக்கவே இல்ல. "அந்த கிடார் ஆம்ப் பெட்டியை யாருக்காச்சும் குடுத்துடுங்கப்பா, இல்லீன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க, எனக்கு எதுக்கு அது"ன்னுட்டே. நானும் சரின்னு போனை வெச்சுட்டேன். உங்கம்மா கையில இருந்த குண்டாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. "இன்னும் எத்தனை வருசத்துக்குங்க?"ன்னு மட்டும் கேட்டா.

எடுத்த எடுப்புலயே சொல்லிடறேன். சுத்தி வளைச்சா மறுபடியும் நழுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அந்த கிடார் ஆம்ப்போட சத்தம் கெட்டுப்போனதுக்கு உன் காது காரணமில்ல, உன் கையும் காரணமில்ல. நீ காலேஜுக்குப் போயிருந்தப்ப அதைத் திறந்தது நான். உள்ள ஒரு கண்ணாடி வால்வை ஒடைச்சது நான். நீ வந்து கேட்டப்ப, தொடவே இல்லன்னு உன் மூஞ்சியைப் பாத்துச் சொன்னதும் நான்தான். எட்டு வருசமாச்சு. இனி எழுதித்தான் ஆகணும்.

ஏன் இப்பன்னு நீ கேக்கலாம். ஆம்ப் போகப் போகுதுங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, மருமக உங்கம்மாகிட்ட போன்ல சொன்ன விசயம். உங்க கம்பெனில ஒரு மெசினோட சத்தம் மாறுனது உனக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே கேட்டுச்சாமே. யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டியாமே. அப்பறம் அது இறுகி நின்னப்ப, வேலை செய்யற எல்லாரையும் நிக்க வெச்சு, யாருக்கும் கேக்கலையான்னு கேட்டப்ப, நீ தலையைக் குனிஞ்சு நின்னியாம். ஊட்டுக்கு வந்து, "எனக்குக் கேட்டுச்சு, ஆனா என் காதை நம்பி எப்படிச் சொல்றது"ன்னு அவகிட்ட சொன்னியாம். அவ சாதாரணமாச் சொன்னா. நான் அந்தப் பக்கம் கேட்டுட்டு நின்னவன் அப்படியே படியில உக்காந்துட்டேன். காதை நம்பாத பழக்கத்தை உனக்குக் குடுத்தது யாருன்னு அவளுக்குத் தெரியாதில்ல.

அந்த ஆம்ப் வந்த அன்னைக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. குன்னூர்ல உனக்கு கிடார் சொல்லிக்குடுத்த மாஸ்டர் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனப்ப உனக்குக் குடுத்துட்டுப் போனது. நீ அதைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கு நாலு சுத்திக் கட்டி, கொழுந்து லாரில ஏத்தி, பக்கத்துல உக்காந்து அணைச்சுப் பிடிச்சுட்டே கொண்டுவந்து இறக்குனே. உன் சட்டை பூரா பச்சைக் கறை. சுவிட்சைப் போட்டா உடனே சத்தம் வராது, உள்ள இருக்கற வால்வு எல்லாம் சூடாகணும். கண்ணாடிக் குழாய்க்குள்ள மெதுவா ஆரஞ்சாப் பழுத்துட்டு வரும், அப்பறம்தான் உயிர் வரும். நீ முதல் தடவை ஒரு கம்பியை மீட்டுனப்ப உங்கம்மா அடுப்படிலருந்து கரண்டியோட ஓடிவந்தா. "அட, என்ன சாமி இது, நெஞ்சுக்குள்ள கேக்குது!"ன்னா. எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. ஆனா நான் வாயைத் தொறந்து சொல்லல. வயர் எல்லாம் பழசு, பாத்துன்னு மட்டும் சொன்னேன். பாராட்ட எனக்கு அப்ப வராது. இப்பவும் சரியா வர்றதில்ல.

அதுக்கு அடுத்த வாரம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. ஃபேக்டரில தேயிலைப் பதம் பாக்கற டீமேக்கர் நம்ம ஊட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தாரு. ஆம்ப்பைப் பாத்துட்டு, "உங்கப்பாதான் இருக்காரே, பிரிச்சு மேஞ்சுடுவாரு"ன்னு சிரிச்சாரு. நீ உடனே என்னைப் பாத்து, "அப்பா, நீங்க தயவுசெஞ்சு இதைத் திறக்காதீங்க, ஆஃப் பண்ணினாலும் உள்ள முந்நூறு வோல்ட் நிக்கும், இது மோட்டார் மாதிரி இல்லீங்க"ன்னே. நீ என் உசுருக்குப் பயந்துதான் சொன்னே. எனக்குக் கேட்டது வேற. இந்த ஃபேக்டரிக்கே எலக்ட்ரீசியன் நான். குவார்ட்டர்ஸ் லைன்ல எந்த ஊட்ல ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. என்ற பையன், மூணாவது மனுசன் முன்னாடி, எனக்கு வோல்ட்டு சொல்லிக்குடுக்கறான்னு தோணிப்போச்சு. அன்னைக்குத் தைச்ச முள்ளு அது. இவ்வளவு சின்ன விசயத்துக்கான்னு நீ நினைப்பே. ஆமா, இவ்வளவு சின்ன விசயத்துக்குத்தான்.

ரெண்டு மூணு மாசம் அந்தச் சத்தத்தைப் பழகவே உனக்குச் சரியாப் போச்சு. அப்பறம் நீ ஒரு நாள் சொன்னே, "அப்பா, காலைல கணீர்னு கேக்கற சத்தம் சாயங்காலம் மங்கிப்போகுது, அடிச்சத்தம் கொழகொழன்னு ஆகுது." நான் சிரிச்சேன். சாயங்காலம் நீ களைச்சுப் போயிருப்பே, காது மங்கும்னேன். பனில கம்பி தளரும்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ கோவிச்சுக்கல, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சே. அதைப் பாத்தும் கேலி பண்ணினேன், "ஆம்ப்புக்கு ஜாதகம் எழுதறியா?"ன்னு. உனக்குச் சிரிப்பு வந்துச்சு, எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்த ஆனி மாசம், நீ பரீட்சைக்குப் போயிருந்த ஒரு காலைல, எனக்கு மதியத்துக்கு மேலதான் டியூட்டி. இன்னைக்கு இவன் வர்றதுக்குள்ள சரிபண்ணி வெச்சு, எலக்ட்ரீசியன்னா யாருன்னு காட்டறேன்னு பின்பலகையைக் கழட்டிட்டேன். உங்கம்மா, "அவன் வேண்டாம்னானுல்லங்க?"ன்னா. நீ சும்மா இருடின்னேன். எது எரியுது எது எரியலன்னு பாக்க ஆன் பண்ணி அரைமணி நேரம் ஓட விட்டேன். எல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது. கண்ணாடி மேல மட்டும் நம்ம ஊர் ஈரத்துக்கு வெள்ளையாப் பூஞ்சை படிஞ்சிருந்துச்சு. ஆகா, இதுதான் காரணம்னு முடிவு பண்ணிட்டேன். ஆஃப் பண்ணி, உள்ள நின்ன கரண்டை எல்லாம் முறையா இறக்குனேன், அதுல ஒரு குறையும் வெக்கல. ஆனா வால்வு ஆறட்டும்னு பொறுக்கல. அடுப்படிலருந்து ஈரத் துணியை எடுத்து, கொதிக்கற கண்ணாடில வெச்சுத் துடைச்சேன். டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். குழாய் உச்சில வெள்ளிப் பூச்சு மாதிரி இருக்குமில்ல, அது என் கண்ணு முன்னாலயே பால் வெள்ளையா மாறிடுச்சு. காத்தே இருக்கக்கூடாத குழாய்க்குள்ள காத்துப் பூந்துடுச்சு, செத்துப்போச்சு. சூடான பல்புல ஈரம் படக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். முப்பது வருச எலக்ட்ரீசியனுக்குத் தெரியல.

அதோட உங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு சண்டையோட போயிருக்கும். அதுக்கப்பறம் நான் செஞ்சதுதான் அசிங்கம். ஃபேக்டரி ஸ்டோர்ல ஆயுத பூஜைக்கு எடுக்கற ஒரு பழைய மைக் செட்டு கிடந்துச்சு, அதுலயும் அதே நம்பர் வால்வு. ஓடி ஓடித் தேஞ்சுபோனது. அதைக் கழட்டிக் கொண்டுவந்து செத்ததோட இடத்துல சொருகுனேன். ஆம்ப்புல அந்த மாதிரி வால்வு ரெண்டு, ஜோடியாச் சரிபாதி பாரம் இழுக்கணும். ஒண்ணு நல்லதும் ஒண்ணு தேஞ்சதுமா இருந்தா சத்தம் தெளியாது, அடியில ஒரு இரைச்சல் நிக்கும். அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லமாட்டேன், சொருகுனப்பவே காதுல விழுந்துச்சு. மைக் செட்டு வால்வுல அச்செழுத்து அழிஞ்சிருந்துச்சு. நீ வித்தியாசம் கண்டுபிடிச்சுடுவேன்னு, நல்ல வால்வோட எழுத்தையும் கட்டைவிரல்ல தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சேன், கண்ணு. ஒடைஞ்சது கைத்தவறு. அழிச்சது தவறு இல்ல, அது திட்டம்.

நீ வந்தே. சாப்பிட்டே. போட்டுப் பாத்தே. அஞ்சு நிமிசத்துல வெளிய வந்து, "அப்பா, நீங்க எதாச்சும் தொட்டீங்களா?"ன்னு கேட்டே. சந்தேகமாக் கேக்கல, வேலையோட முதல் கேள்வியாக் கேட்டே. ஃபேக்டரில மோட்டார் நின்னா நானும் முதல்ல அதைத்தான் கேப்பேன், கடைசியா யார் கை வெச்சதுன்னு. தொட்டவன் மறைச்சான்னா அவனைக் கிழிச்சுத் தொங்கப்போடுவேன். "நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"ன்னேன் உங்கிட்ட. உங்கம்மா உள்ள குழம்பைக் கிண்டிட்டே இருந்தா, திரும்பவே இல்ல. நீ சரிங்கப்பான்னு உள்ள போயிட்டே. நம்பிட்டே. அப்படி ஒரு நொடில என்னை நம்பிட்டியே, அதுதான் இன்னைக்கு வரைக்கும் என்னைத் தின்னுது.

அப்பறம் ஆறு மாசம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கம்பியை மாத்துனே. வயரை மாத்துனே. ஸ்பீக்கரைக் கழட்டி வேற ஸ்பீக்கர் போட்டுப் பாத்தே. ஆம்ப்பைக் கட்டில் மேல வெச்சே, தரையில வெச்சே, மூலைல வெச்சே. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, "இப்பக் கேளுங்கப்பா, முன்னை மாதிரி இருக்கா?"ன்னு கேப்பே. நான் நின்னு கேட்டு, "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, எப்பவும் இப்படித்தான இருந்துச்சு"ன்னு சொல்லுவேன். ஒரு தடவை சொன்ன பொய்யைக் காப்பாத்த எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு பாரு. குன்னூர்ல உன்கூட வாசிச்ச பசங்களும் பழைய சத்தத்தைச் சரியாக் கவனிச்சதில்ல, அவங்களும் நல்லாத்தான இருக்குன்னாங்க. நீ மட்டும் தனியா நின்னே. கடைசில ஒரு நாள் சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்துட்டு, "எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்குது, எனக்கு மட்டும் மாறிக் கேக்குதுன்னா, கோளாறு எங்கிட்டதான்"னு சொன்னே. அப்பவாச்சும் சொல்லியிருக்கணும் நான். தண்ணி குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

இதை எழுத வேண்டாம்னுதான் பாத்தேன். ஆனா உங்கம்மாவுக்குக் கூட இது முழுசாத் தெரியாது. காது டாக்டர்கிட்ட கோயமுத்தூருக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனேன்ல, அந்த நாள். மேட்டுப்பாளையம் இறங்கறப்ப உனக்குக் காது அடைச்சுது, நீ பயந்துபோய், "அப்பா, இப்பச் சுத்தமாக் கேக்கலப்பா"ன்னு என் கையைப் பிடிச்சே. மலை இறங்கறப்ப யாருக்கும் அடைக்கும், எச்சில முழுங்குன்னு சொன்னேன். உன் கை ஜில்லுனு இருந்துச்சு. டாக்டர் ஹெட்போன் மாட்டி எல்லாம் பாத்துட்டு, காது பிரமாதமா இருக்கு, ஒரு குறையும் இல்லன்னாரு. நீ என்னைப் பாத்தே. உன் கண்ணுல ஒரு வெளிச்சம் வந்துச்சு, அப்பக் கோளாறு ஆம்ப்புலதான்னு. அந்த வெளிச்சத்தைப் பாத்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு. இவன் ஊட்டுக்குப் போய் வால்வைக் கழட்டுவான், மாட்டிக்குவேன்னு. நான் டாக்டர்கிட்ட, "இவன் எப்பவுமே எதையாச்சும் கற்பனை பண்ணிக்குவானுங்க, மனசுலதான் ஏதோ"ன்னு சொன்னேன். அவரும் தலையாட்டிட்டாரு. அந்த வெளிச்சம் அணைஞ்சதை நான் பாத்தேன். அடுத்த வாரம் கிடாரைச் சுவத்துல மாட்டுனே. அப்பறம் அதைத் தொடவே இல்ல.

இவ்வளவையும் முந்தியே சொல்லியிருக்கலாம். சொல்லலாம்னு நினைச்ச நாளெல்லாம் உண்டு. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துல உன் பக்கத்துல வந்து உக்காந்தேன், நீ என்னங்கப்பான்னே, ஒண்ணுமில்ல சாப்பிட்டியான்னு கேட்டு எந்திரிச்சுட்டேன். நாள் போகப் போகச் சொல்ற வார்த்தை சின்னதாகல, பெருசாயிட்டே போச்சு. நீ நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அப்பனாவே. தப்பு பண்ணாத அப்பனா இருன்னு நான் சொல்லமாட்டேன், முடியாது. பண்ணின அன்னைக்கே, சோறு திங்கறதுக்கு முன்னாடி சொல்லிப்போடு. இதுக்கு மேல புத்தி சொல்ற யோக்கியதை எனக்கில்ல.

இனி நான் சொல்லப்போறது இந்த வாரம் தெரிஞ்சது. உன் அலமாரியைக் காலி பண்ணினப்ப அந்த நாப்பது பக்க நோட்டு கிடைச்சுது. நான் ஜாதகம்னு கேலி பண்ணின நோட்டு. பெட்டி மேல உக்காந்து முதல் பக்கத்துலருந்து படிச்சேன். தேதி, மணி, மழை உண்டா இல்லையா, சத்தம் எப்படின்னு ஒரு நாள் விடாம எழுதியிருக்கே. "நாலரை வரைக்கும் தெளிவு. நாலே முக்காலுக்கு மங்கல்." "மழை இல்லை. மங்கல்." "நல்ல வெயில். மங்கல்." "ஞாயிறு. சாயங்காலமும் தெளிவு, ஏன்?" "ஞாயிறு. தெளிவு." "ஸ்ட்ரைக். தெளிவு." "தீபாவளி லீவு. தெளிவு. புரியவில்லை." ஐயோ, அந்தப் புரியவில்லையைப் படிச்சதும் எனக்குத் தலையில யாரோ போட்ட மாதிரி ஆயிடுச்சு. உனக்கு எப்படிப் புரியும்? அது எனக்கு மட்டும்தான் புரியும். லாரில வந்த கொழுந்தைப் பரப்பி, நாலரை மணிக்கு மேல ஈரம் போக வாட்டற ஃபேன் அத்தனையையும் ஆன் பண்றது யாரு? நான்தான. ஞாயித்துக்கிழமை கொழுந்து வராது, ஸ்ட்ரைக்குன்னா வராது, தீபாவளிக்கு வராது. ஃபேன் ஓடாது.

நம்ம குவார்ட்டர்ஸுக்குக் கரண்டு ஃபேக்டரி லைன்லருந்துதான் வருது. ஃபேன் எல்லாம் ஒண்ணா இழுத்தா இங்க வோல்டேஜ் படுத்துடும், வால்வு முழுச் சூடு பிடிக்காது. முன்னெல்லாம் மஞ்சள் பல்பு இருந்தப்ப அது மங்கறதைப் பாத்துத்தான் உங்கம்மா டீக்குத் தண்ணி வெப்பா, "அப்பா ஃபேன் போட்டுட்டாரு"ன்னு. அப்பறம் எல்லா ஊட்லயும் எல்இடி பல்பு வந்துச்சு. அது மங்கல, நாங்க மறந்துட்டோம். உன் ஆம்ப் மட்டும் மறக்கல. நேத்து சாயங்காலம் மீட்டரை எடுத்துட்டு வந்து பாத்தேன். நான் ஊட்ல இருந்ததால நேத்து வேற ஆள்தான் ஃபேனைப் போட்டாரு. இருநூத்தி முப்பது காட்டுன முள்ளு, நாலே முக்காலுக்கு நூத்தி எண்பத்தஞ்சுல வந்து நின்னுச்சு. நீ கேட்டது அத்தனையும் நிஜம். வால்வுல ஒரு கோளாறும் இல்ல, நான் ஒடைக்கற வரைக்கும். அந்த நோட்டை ஒரு தடவை மரியாதையா வாங்கிப் படிச்சிருந்தா அஞ்சு நிமிசத்துல சொல்லியிருப்பேன். தினமும் நான் ஒரு சுவிட்சைப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்து, என் பையனுக்குக் காது சரியில்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்.

நோட்டுல பாதிக்கு மேல, நான் ஒடைச்ச அன்னைக்குத் தேதில, வேற மாதிரி எழுதியிருக்கே. "இப்ப எல்லா நேரமும் மங்கல். இரைச்சலும் இருக்கு. என்ன மாறியிருக்கு?" அதுக்குக் கீழ நீ சந்தேகப்பட்ட ஒவ்வொண்ணையும் எழுதி, முதல் வரிலயே ஒண்ணை அடிச்சிருக்கே. "வால்வு: யாரும் தொடலை. அப்பாகிட்ட கேட்டாச்சு." அதுக்கப்பறம் கடைசிப் பக்கம் வரைக்கும் எங்கயும் வால்வுங்கற வார்த்தையே இல்ல. நான் கை நீட்டி ஒரு கதவை மூடிட்டேன், நீ மத்த எல்லாக் கதவையும் தட்டியிருக்கே. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி, "காது." அவ்வளவுதான்.

கோயமுத்தூர் போய்ப் புது ஜோடி வால்வு வாங்கிப் போட்டு, சத்தத்தைச் சரிபண்ணி, அப்பறமா உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு நேத்து நினைச்சேன். திருப்புளியைக் கையில எடுத்தாச்சு. உங்கம்மா வாசல்ல நின்னுட்டு, "மறுபடியுமாங்க?"ன்னா. வெச்சுட்டேன். அவ சொன்னது சரிதான். நான் பண்ணினது என்னன்னு நீ உன் கண்ணால பாக்கணும். ஒடைஞ்ச வால்வைத் தூக்கிப்போட மனசு வராம இத்தனை வருசமும் ஒரு தேயிலைச் சாம்பிள் டப்பால பஞ்சு வெச்சு வெச்சிருந்தேன். அது ஆம்ப் மேல இருக்கு. நோட்டு அது பக்கத்துல. நீ எழுதின அந்த வரியை நான் அடிக்கல, அது உன் எழுத்து. அதுக்குக் கீழ, "தொட்டது அப்பா"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

நீ இதைப் படிச்சுட்டு என்கூடப் பேசாம இருந்தா எனக்கு அது புரியும். உங்கம்மாகிட்ட மட்டும் பேசு, அவ எட்டு வருசமும் சொல்லிப்போடுங்கன்னு சொல்லிட்டேதான் இருந்தா, நான்தான் அவ வாயை அடைச்சேன். ஆனா முடிஞ்சா, நாங்க ஊட்டைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வா. அன்னைக்குச் சாயங்காலம் ஃபேன் ஓடாது, கரண்டு நல்லா நிக்கும். வர்றப்ப ஒரே மாதிரி ரெண்டு வால்வு வாங்கிட்டு வா, நம்பர் நோட்டோட முதல் பக்கத்துல நீயே எழுதியிருக்கே. பின்பலகையை நீ கழட்டு, நீ மாட்டு. நானும் உங்கம்மாவும் வெளிய உக்காந்திருக்கோம். சூடாகட்டும், அவசரப்படாத. அப்பறம் மீட்டிப் பாத்துட்டு, என்ன கேக்குதோ அதை நோட்டுல எழுது. இந்தத் தடவை அப்பாகிட்ட கேக்க வேண்டாம்.